இல்கெர் தட்டிய கல்கதவு

“ஊத்தினியா இல்லியா? அத மட்டும் சொல்லும்மா!”

“கை தானா போச்சுடி! வேணும்னா செஞ்சேன்?”

“பொணம் போற வண்டிக்குப் பின்னால தண்ணி ஊத்தின ஒரே பொம்பள இந்த அஃப்யோன் ஊர்லயே நீதான்!”

மாடிப்படி வழியாக இந்தச் சண்டை என் காதில் விழுந்தது. விழுந்தது என்ன, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். அதனால் இது யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை இல்லை. பாதி என் காதால் கேட்டது. மீதி, அம்மாவோடு சண்டை போட்ட அந்த மகள் செவ்தா என் சமையலறையில் அழுதுகொண்டே சொன்னது. பிணவண்டி போனதையும் கடைசித் துண்டையும் நானே கண்ணால் பார்த்தேன்.

வீட்டைவிட்டுப் புறப்படுகிறவருக்குப் பின்னால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். போனவர் திரும்பி வரவேண்டும் என்று. மாடிவீட்டு ஹாஜெர் அக்கா தன் மகன் இல்கெருக்கு நாள் தவறாமல் ஊற்றுவாள், என் பால்கனித் துணியெல்லாம் நனைய. பள்ளத்தாக்கிலிருக்கும் பழைய பாறைக் கோயில்களை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக்காட்டுவதுதான் அவன் வேலை. மார்ச் மாதப் பனியில் வண்டி சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

வாசலில் பெட்டியை வைத்து, போகிறவன் நிம்மதியாகப் போக வழக்கமாகக் கேட்பதை இமாம் கேட்டார். “இவன்மேல உங்களுக்கு இருக்கிற உரிமையை விட்டுக்கொடுத்தீங்களா?” எல்லோரும் “விட்டுக்கொடுத்தோம்” என்றோம். ஹாஜெர் அக்கா வாயே திறக்கவில்லை. வண்டி நகர்ந்தது. அவள் கையில் குவளை...

சளக்.

அதை அன்று பார்த்தவர்கள் பார்க்காததுபோல் இருந்துவிட்டோம். செவ்தாவுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே மே மாதத்தில்தான். அங்காராவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள்.

“போன ஞாயித்துக்கிழமை இல்கெர்னு ஒரு தம்பி எங்களுக்குச் சுத்திக்காட்டினாரு. நல்ல பிள்ளை. முதுகு மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. இந்த விலாசம் சொல்லி, ‘கதவு திறக்க மாட்டேங்குதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்க’ன்னாரு.”

அவர்கள் போனபிறகு மூண்டதுதான் அந்தச் சண்டை. அம்மாவுக்கு மகன் திரும்பி வந்தால் போதும். செவ்தாவுக்கோ, அண்ணன் நிம்மதியாகப் போய்ச்சேர வேண்டும். கத்தி ஓய்ந்து, மறுநாள் இருவரும் மினிபஸ் ஏறினார்கள்.

நல்ல வெயில். பள்ளத்தாக்கில் கூட்டமே இல்லை. வாசலில் புதிய காவலாளி கண்ணாடிக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“வழிகாட்டி வேணும்னா ஓடிப் போங்க அக்கா. இப்பத்தான் ஒரு கூட்டத்தோட உள்ள போனாரு.”

மண் காய்ந்து கிடந்தது. பாறையில் மட்டும் ஈரம். ஈரமான கால் தடங்கள்... வெறுங்கால்.

அடுத்த வளைவுக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. செவ்தாவுக்கு மனப்பாடமான குரல். மனப்பாடமான பழைய கேலி.

“இந்தக் கதவ மூவாயிரம் வருஷமா தட்டுறாங்க. வீட்டுக்காரங்க ஊர்ல இல்ல போல!”

கூட்டம் சிரித்தது.

வளைவைத் திரும்பினார்கள்.

ஒருவரும் இல்லை.

மலையில் செதுக்கிய கல்கதவு மட்டும் நின்றது. கதவு மாதிரி செதுக்கியதுதான். திறக்காது. பின்னால் அறை கிடையாது. மலைதான்.

டொக்.

டொக்... டொக்.

உள்ளேயிருந்து.

“அம்மா... விட்டுக்கொடுத்தேன்னு சொல்லிடும்மா.”

“அவனுக்குக் குளிருதுடி.”

“சொல்லும்மா!”

ஹாஜெர் அக்கா கல்லில் கன்னத்தை வைத்தாள். ஏதோ முணுமுணுத்தாள். குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி கல்லைத் தடவினாள்.

சத்தம் நின்றது.

இலையுதிர்காலத்தில் செவ்தாவுக்குக் கல்யாணம். எஸ்கிஷெஹிர் நகரில் ரயில் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் மாப்பிள்ளை. பெண் ஏறிய காருக்குப் பின்னால் பெற்றவள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கல்நெஞ்சக்காரி என்று தெருவே பேசியது. நானும்தான் பேசினேன். மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் அவளோடு போய் இருக்கவும் மாட்டேன் என்றுவிட்டாள்.

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

“அக்கா, அன்னிக்கு விட்டுக்கொடுத்தேன்னுதானே சொன்னீங்க?”

சர்க்கரை கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“இல்லடி. ‘அந்தக் கதவு வேணாம் கண்ணு, நம்ம வீட்டுக் கதவத் திறந்து வெச்சிருக்கேன்’னு சொன்னேன்.”

அப்போதுதான் கவனித்தேன். மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. மூன்றாவதிலும் தேநீர் பாதி குறைந்திருந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடிப்படி ஈரமாக இருக்கிறது. நான்தான் துடைக்கிறேன். வெறுங்கால் தடங்கள். எல்லாம் மேலே ஏறுகிற தடங்கள். இறங்குகிற தடம் ஒன்றைக்கூட இதுவரை நான் பார்த்ததில்லை.

அவளுக்கு நேர் மேல்வீட்டிலிருந்த தையல்காரி நிகாத் போன வாரம் குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போனாள். சாமான் வண்டி கிளம்பியபோது வாசலில் எல்லோரும் குவளை எடுக்காமல் வெறுங்கையோடு நின்றோம். எங்கள் தெருவில் இப்போது யாருக்கும் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.