கோட்டுக்குக் கீழே

பச்சை மூடி போட்ட அந்த ரத்தக் குழாயின் மேல், எங்கள் ஆய்வக டெக்னீஷியன் அண்ணன் தன் கையாலேயே 'சுத்தம்' என்று எழுதி ஒட்டுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில், பெயின்ட் வாடை அடிக்கும் தெருவில் இருந்தது ஆய்வகம். சிறுவயதிலேயே சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளின் ரத்தத்தில், இன்சுலின் சுரக்கும் இடத்தையே தாக்கி அழிக்கும் எதிர்ப்புச் செல்களைத் தேடிக்கொண்டிருந்தோம். ஒளிரும் தூண்டில் ஒன்றைப் போட்டால் அவை வந்து ஒட்டும். ஆனால் பல செல்கள் பட்டும் படாமலும்தான் ஒட்டும், கழுவும்போதே நழுவிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆளின் ரத்தம் வேண்டுமே? கரையான்சாவடியிலிருந்து வரும் அண்ணன்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருவார். "நம்ம ரத்தம் மினரல் வாட்டர் மாதிரி மேடம், ஒண்ணியும் கெடையாது" என்பார்.

மூன்று முறை கழுவுவதை ஒருமுறையாக்கி, பனிக்கட்டி மேல் வைத்தே கழுவிப் பார்த்தோம். முன்பு நழுவிய செல்கள் இப்போது ஒட்டி நின்றன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் பாழாய்ப்போன அந்தச் 'சுத்தம்' குழாயிலும் புள்ளிகள் தெரிந்தன. மறுமுறையும் தெரிந்தன. முறையில்தான் கோளாறு, கண்டதும் ஒட்டுகிறது என்று எரிச்சலோடு முடிவுகட்டினேன். இதற்கு மேல் போனால்தான் நோய் என்று திரையில் போடும் கோட்டை, அவர் புள்ளிகளுக்கு மேலே ஏற்றிவைத்தேன். அவர் சுத்தமாகிவிட்டார். அந்தக் கோடையில் அவர் மேசையில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாகக் காலியானதையும், பெல்ட்டில் புது ஓட்டை விழுந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "வெயில் மேடம்" என்றார். நானும் ஆமாம் போட்டேன். இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்?

ஒரு காலை மாடிப்படியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடந்தது. பிழைத்தார், இன்றைக்கும் இன்சுலின் ஊசிதான். அந்தப் புள்ளிகள் முறையின் கோளாறு அல்ல, நோய்தான் என்று அன்றே எனக்கு உறைத்துவிட்டது. ஆனால் கோட்டை இறக்கினால் எல்லா முடிவுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அவரிடமும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் ஒன்பது வயது மகளை அழைத்து வந்தார். "எனக்கு வந்தது பாப்பாக்கும் வந்துடுமோன்னு பயமா கீது மேடம். நம்ம மெஷின்லயே பார்த்துடலாம்." ரத்தத்தை அவரே எடுத்தார். திரையில் புள்ளிகள் விழுந்தன, கோட்டுக்குக் கீழே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கீயதான் கீது. ஒண்ணியும் இல்லடா செல்லம்" என்று அவள் தலையைத் தடவினார்.

அவர் விழுவதற்கு முந்தைய வாரம் அவருடைய புள்ளிகளும் அங்கேதான் இருந்தன.

"பாப்பாவ வெளியில உட்காரவெச்சுட்டு வாங்கண்ணா" என்றேன்.