சிவப்புத் துணி கட்டிய நாய்

ஒதிலியா முன்கோபக்காரி. புவெப்லா நகரத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதை அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் மறுக்கமாட்டாள். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் அத்தனை பேரும் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். குவாதலூப்பே மாதா கோயில் திருநாளுக்கு நடந்து போகிற ஊர்க்கூட்டத்தின் பின்னால், அண்டா, அடுப்பு, கம்பளி, தார்ப்பாய் எல்லாம் ஏற்றிய பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போக அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. பதினான்கு வருஷமாக இதுதான் வழக்கம்.

பக்கத்து இருக்கையில் புருஷன் செனோபியோ. இருவருக்கும் நடுவில் கனேலோ. லவங்கப்பட்டை நிறத்தில் ஒரு தெருநாய், அவ்வளவுதான்.

செனோபியோவுக்கு வலிப்பு உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் சூடான ரொட்டிக்கல்லின் மேலேயே விழுந்தான். இடது கன்னம் வெந்துபோனது. அந்த மழைக்காலத்தில்தான் யாரும் கூப்பிடாமல் இந்த நாய் வீட்டுக்குள் வந்து படுத்தது. ஒருநாள் திடீரென்று அவன் முழங்காலில் மூக்கை வைத்து அழுத்திக் குரைத்தது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது. மறுமுறையும் அப்படியே. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு நாய் குரைத்தால் ஒதிலியா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தரையில் படுக்கவைப்பாள். ஆறு வருஷமாக அவன் எங்கும் விழவில்லை.

அந்த டிசம்பரில் கூட்டம் ரியோ ஃப்ரியோ மலையில், பைன் மரங்களுக்கு அடியில் கூடாரம் போட்டுத் தங்கியது. விடிந்தபோது தார்ப்பாயின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒதிலியா அண்டாவில் பட்டை போட்ட காப்பி காய்ச்சி, கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அண்டா காலியான பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"கனேலோ எங்கய்யா?"

"உன் காலடியிலதானே கெடந்துச்சு" என்றான் செனோபியோ.

"என் காலடியில கெடந்தா உன்னய எதுக்குக் கேக்குறேன்?"

மரத்துக்கு மரம் தேடினார்கள். ரோட்டோரத்தில் தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்த பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். "செவப்புத் துணி கட்டுன நாயா? கோயிலுக்குப் போற இன்னொரு கூட்டம், நீலத் தொப்பிக்காரங்க, லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்களே! பாவம், கூட்டத்தத் தவறவிட்டுருச்சுன்னு ஆளாளுக்குத் தூக்கி விட்டாங்க. ஒருத்தரு கம்பளிகூடப் போத்துனாரு."

அந்த ரோட்டில் கூடவே வருகிற நாயை யாரும் விரட்டமாட்டார்கள். கழுத்தில் ஒரு கூட்டத்தின் துணி இருந்துவிட்டால் அது மாதாவின் விருந்தாளி. வண்டியில் அடிபட்டுச் சாகவிடாமல் தூக்கிக் கொண்டுபோய்க் கோயில் முற்றத்தில் இறக்கிவிடுவது புண்ணியம். தெருநாய் என்று யாரும் கல்லெறியக் கூடாதே என்று, ஊர்க்கூட்டம் கட்டுகிற அதே சிவப்புத் துணியை ஒதிலியாதான் கனேலோவின் கழுத்திலும் கட்டினாள். முடிச்சு அவிழாமலிருக்க இரண்டு சுற்று சுற்றி வேறு கட்டினாள்.

கூட்டத் தலைவர் மக்காரியோ எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். "நாமளும் அங்கதானே போறோம் தங்கச்சி? கோயில்ல புடிச்சிக்கலாம்."

"அங்க தலைக்கு மேல தலையா நிக்கும் அண்ணே. நீங்க புடிச்சிக் குடுப்பீங்களா?"

"அதுக்காக அறுபது பேத்த காப்பித்தண்ணி இல்லாம நடக்க விடுவியா?"

"நடக்கட்டும். கொழுப்பு கரையும்." அண்டாவை இறக்கி அவர் காலடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

இறக்கம் முழுக்க ஒரு கண் ரோட்டில், ஒரு கண் புருஷன் முகத்தில். அவன் செருமினால் பிரேக். கன்னத்தைச் சொறிந்தால் பிரேக். நாய்க்கு மட்டும் என்ன தெரிந்தது, வாசனையா, சூடா? இருபத்தேழு வருஷம் கூடவே படுத்து எழுந்தவளுக்கு அது ஏன் தெரியவில்லை? அவளுக்கு அவமானமாக இருந்தது.

"கொட்டாவி விட்டாக்கூட பிரேக் புடிக்கிறியே. எனக்கு முந்தி வண்டி செத்துரும் போல."

"வாயக் கழுவுய்யா" என்று கத்தியவளுக்கு அழுகை முட்டியது.

கோயில் முற்றத்தில் ஜனமோ ஜனம். நாய்களும் குறைவில்லை. மஞ்சள், பச்சை, ஊதா என்று விதவிதமான துணி கட்டிக்கொண்டு, போகிற கால்களையெல்லாம் முகர்ந்து பார்த்தபடி அலைந்தன. சிவப்பும் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அது கறுப்பு நாய். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். மத்தியானம் போல ஒரு நீலத் தொப்பிக்காரன் அகப்பட்டான்.

"ஆமாக்கா, பட்டை நெறத்துல ஒண்ணு. இங்கதான் எறக்கிவிட்டோம். கவலைய விடுங்க, மாதா பாத்துக்குவா."

நன்றி சொல்வாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அறைவதற்கு ஓங்கிய கை பாதியில் நின்றுவிட்டது. போன வருஷம் இதே முற்றத்தில் இதே வார்த்தையைச் சொல்லி ஒரு நாயை இறக்கிவிட்டவள் அவள்தான். பச்சைத் துணி கட்டிய சாம்பல் நாய் ஒன்று ரியோ ஃப்ரியோவில் தனியாக உட்கார்ந்திருந்தது. அவள்தான் தூக்கி வண்டியில் போட்டாள். வழி நெடுக அது வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. குதிக்கப் போனதைப் பிடரியைப் பிடித்து அமுக்கி, தன் தமாலில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். ஊருக்குப் போய் அந்தப் புண்ணியத்தை வாரக்கணக்கில் அளந்தாள்.

பின்னால் யாரோ அலறினார்கள். திரும்புவதற்குள் செனோபியோ விழுந்துவிட்டான். கல்படியில் தலை மோதி ரத்தம் கொட்டியது. ஒதிலியா அவன் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, "என் கையாலயே கட்டுனேனே, என் கையாலயே கட்டி அனுப்புனேனே" என்று வாய்விட்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து வழிவிட்டார்கள்.

மண்டையில் ஏழு தையல். அப்புறமும் இரண்டு நாள் தேடினாள். கனேலோ கிடைக்கவில்லை.

திரும்புகிற வழியில் ரியோ ஃப்ரியோ வளைவில் மஞ்சள் துணி கட்டிய வெள்ளை நாய் ஒன்று ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஊர் திரும்ப வண்டியின் பின்னால் ஏறியிருந்த மக்காரியோ தட்டினார். "ஏத்திக்க தங்கச்சி. குளிர்ல செத்துரும். உனக்கும் ஒரு நாய் ஆச்சு."

ஒதிலியா வண்டியை ஓரங்கட்டி இறங்கினாள். நாயின் மேல் கம்பளியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்றே?"

"தேடிக்கிட்டு வருவாங்க. வர்ற வரைக்கும் யாரும் இதுமேல கை வைக்கக் கூடாது."

"வரலேன்னா?"

"வரலேன்னா குந்தியிருக்கேன். உங்களுக்கு அவசரம்னா நடந்து போங்க."

இரண்டு லாரிக்காரர்கள் இரக்கப்பட்டு நிறுத்தினார்கள். இரண்டு பேரையும் ஏசி அனுப்பினாள். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில், கழுத்தில் மஞ்சள் துணியோடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. நாயைக் கட்டிக்கொண்டு மண்ணிலேயே விழுந்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஒதிலியாவுக்குச் சந்தோஷமெல்லாம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

வண்டிக்கு வந்து, தன் கழுத்திலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, ஒரு முனையைச் செனோபியோவின் இடது மணிக்கட்டில் கட்டினாள்.

"என்ன புள்ள, என்னயக் கட்டிப்போடுறியா?"

"ஆமா. யாராச்சும் புண்ணியவான் தூக்கிக்கிட்டுப் போயிரக் கூடாதுல்ல."

மறுமுனையைத் தன் வலது மணிக்கட்டில் சுற்றிப் பல்லால் இறுக்கினாள். இனி அவன் கை லேசாக நடுங்கினாலும் அவளுக்குத் தெரியும். வண்டி மலையிறங்கியது. கியர் மாற்றும்போதெல்லாம் அவன் கையும் கூடவே போய்வந்தது.