கொழுக்கட்டைப் புல்லும் பவுனுவின் முகமும்: விஸ்வநத்தத்தில் ஒரு ஞாயிறு

தீபாவளி முடிந்து மூன்றாவது ஞாயிறு. மதுரையில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் டயாலிசிஸ் யூனிட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் முழு விடுமுறை. அந்த ஒரு நாளில் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் எங்காவது கிளம்பிவிடுவேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த முறை மலையும் இல்லை, அருவியும் இல்லை. விருதுநகர் வழியாகச் சிவகாசி, அங்கிருந்து விஸ்வநத்தம். பள்ளித்தோழி சந்திராவைப் பார்த்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவளைப் பார்க்க வேண்டுமென்றால், தீபாவளிக்குப் பிறகு கம்பெனி திறப்பதற்குள் போய்விட வேண்டும். மற்ற நாளில் போனால் அவள் வீட்டுப் பூட்டைத்தான் பார்க்கலாம்.

காலை 6.10க்கு மாட்டுத்தாவணியில் பஸ். விருதுநகருக்கு 7.25. டிக்கெட் 48 ரூபாய். பொரித்த பரோட்டா அந்த நேரத்துக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் இரண்டு கடையில் விசாரித்தேன். "சாயங்காலம் வாங்கக்கா" என்று இரண்டு பேருமே சிரித்தார்கள். நாலு இட்லியோடு அடங்கிக்கொண்டு 8.05 சிவகாசி பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னல் சீட் வேண்டுமென்றால் இடதுபக்கம் உட்காருங்கள், வெயில் படாது என்று எழுத நினைத்திருந்தேன். வெயில் நன்றாகவே பட்டது.

ஆமத்தூரில் பஸ் ஒரு நிமிஷம் நின்றது. என் அப்பா அங்கே வாத்தியாராக இருந்தார். பதினேழு வயது வரை எனக்கு அதுதான் ஊர். நிறுத்தத்தில் இப்போது இரும்புக் கூரை போட்டிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு வேப்பமரம். பள்ளி விட்டதும் நானும் சந்திராவும் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வாங்கி அங்கே நிற்போம். எனக்குப் பாதிகூட வராது. ஆடு வந்தால் அவள் உள்ளங்கையில் சேவை வைத்து நீட்டுவாள். காரம் பட்டு ஆடு தும்மும், அப்புறமும் போகாது. ஒருநாள் வீட்டில் சொல்லாமல் ஒரே சைக்கிளில் ஆனைக்குட்டம் அணைக்குப் போய்த் திரும்பி, இரண்டு பேரும் அடி வாங்கினோம். அதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் வந்து போனது. பஸ் கிளம்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னார், தூசி என்று நினைத்திருப்பார்.

சிவகாசிக்கு 8.55. அங்கிருந்து விஸ்வநத்தத்துக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய், பத்து நிமிஷம். சீசன் முடிந்ததால் ரோட்டில் லோடு லாரி குறைவு. ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் சின்னச் சின்னக் கம்பெனி ஷெட்டுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

சந்திரா வாசலிலேயே நின்றாள். "ஏ எஸ்தரு, எம்புட்டு மெலிஞ்சிட்டடி!" என்று கட்டிக்கொண்டாள். பொய்தான், நான் மெலியவில்லை. ஆனால் அவள் கையைப் பிடித்தபோது திடுக்கென்றது. தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. வெள்ளைப் பவுடர் கலக்கும் வேலை. அலுமினியத் தூள் அது, கை எப்போதும் வெள்ளிப் பூச்சாக மினுங்கும். கம்பெனி மூடிய பிறகு போய்விடும். இது பவுடரால் வந்ததில்லை, தேய்த்துத் தேய்த்து வந்தது. "எதுக்குடி இப்படித் தேச்சு வச்சிருக்க?" என்று கேட்டேன். "காப்பி போடுதேன், இரு" என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் கணவர் பால்பாண்டிதான் விஷயத்தைச் சொன்னார். அவர் குதிரை வைத்திருக்கிறார். பவுனு என்று பேர், பழுப்பு நிறப் பெண்குதிரை. சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் பவுனுதான் போகும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். எனக்குக் குதிரை என்றால் பயம், நாலடி தள்ளித்தான் நின்றேன். அங்கிருந்தே தெரிந்தது. கண்ணுக்குக் கீழே மூக்கின் இரண்டு பக்கமும் முகம் புடைத்து, தலை மட்டும் வேறு குதிரையுடையது மாதிரி இருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி நின்றது.

"பங்குனியில ஆரம்பிச்சது நர்சம்மா. பல்லுன்னாக, சூடு போடச் சொன்னாக. ஒண்ணும் கேக்கல. கடைசியில ஒருத்தர்தான் சொன்னாரு, வெள்ளைப் பவுடர் உள்ள போயிருச்சுன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இவ கையைத்தான் தெனம் நக்கிட்டு நிக்கும். அன்னைலருந்து இவ கொட்டகைப் பக்கமே வாரதில்ல. ஆறு மாசமாச்சு. நானும் வரச் சொல்லல."

காப்பி டம்ளரோடு வந்த சந்திரா கொட்டகைக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள். "நாந்தான் கொன்னுக்கிட்டு இருக்கேன் எஸ்தரு. கம்பெனி தொறந்தாலும் இனி போமாட்டேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிஷம் எனக்கும் அவள் கைமேல்தான் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரி வேலையில் விஷம் என்றால் புத்தி அந்தப் பக்கமே ஓடும். அதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை, இதைப் படித்தால் திட்டட்டும். ஆனால் அடுத்த நிமிஷமே கணக்கு இடித்தது. இவள் தொடாமல் ஆறு மாசம். வீக்கம் குறையவில்லை, கூடியிருக்கிறது. அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக.

வருஷக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு எலும்பு கரைவதை நான் தினமும் பார்க்கிறேன். கழுத்தில் பயறளவு நாலு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடு என்று அவை விரட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்குத் தாடை எலும்புகூட உப்பிவிடும். குதிரைக்கும் அந்தச் சுரப்பி இருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் இருந்தார். எங்கள் யூனிட்டுக்கு வரும் ஒரு பெரியவரின் மகள் கால்நடை மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூச்சப்படாமல் வீடியோ கால் போட்டேன்.

அவர் முகத்தைக் காட்டச் சொன்னார், நடக்கவிடச் சொன்னார். பிறகு, "உதட்டைத் தூக்குங்க, பல்லு ஆடுதான்னு பாக்கணும்" என்றார். பால்பாண்டி கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தார், விட்டால் பவுனு திமிறும். என் கையில் போன், அது இல்லாவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். இரண்டு பேரும் சந்திராவைப் பார்த்தோம். அவள் கையைச் சேலையில் துடைத்தாள். ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு வந்து உதட்டைத் தூக்கிப் பிடித்தாள். பல் ஆடியது. பவுனு அவள் மணிக்கட்டை நக்கத் தொடங்க, அவள் கையை இழுத்துக்கொள்ள முடியாமல் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

"தீவனம் என்ன?" என்றார் டாக்டர்.

இந்தக் கேள்விக்குப் பால்பாண்டிக்கு முகம் மலர்ந்தது. போன வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம், டெஸ்ட் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு பவுனு மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டதாம். அதிலிருந்து மேயவிடுவதில்லை, கட்டித்தான் தீனி. "ஆனைக்குட்டம் பக்கம் அரை ஏக்கர் பிடிச்சு, கொழுக்கட்டைப் புல்லு போட்டிருக்கேம்மா. தனிப் புல்லு. அருகு, கோரை, பயத்தங்கொடி ஒண்ணு விடாமப் பிடுங்கிருவேன். தெனம் நானே அறுத்துட்டு வந்து போடுதேன். மெலிவாத் தெரிஞ்சதுலருந்து தவிடும் கூட்டிட்டேன்."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியே போய்விடும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது கூடுதல் கேடு. ரத்தத்துக்குக் கால்சியம் கிடைக்காமல் உடம்பு முக எலும்பிலிருந்து எடுக்கும், எடுத்த இடத்தில் நார் வளர்ந்து புடைக்கும். வீக்கமாகத் தெரிவது உண்மையில் எலும்பு போன இடம். ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் புல்லை இன்றே நிறுத்துங்கள் என்றார்.

பால்பாண்டி நம்பவில்லை. "பக்கத்து வீட்டு மாடு ரெண்டும் இதே புல்லைத்தானம்மா திங்குது? கல்லு மாதிரி இருக்கே!"

"மாட்டோட முதல் வயித்துல கிருமிங்க இருக்குங்க. பழக்கப்பட்ட மாடுன்னா அதுங்க அந்த உப்பைச் சிதைச்சிரும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. முன்னாடி கலப்பா மேஞ்சப்ப ஒண்ணுமில்லாம இருந்துச்சில்ல?"

"அப்ப பவுடரு?" என்று கேட்டது சந்திரா. உதட்டை இன்னும் விடவில்லை.

"அதை நக்கவிடாதீங்க, நல்லதில்லை. ஆனா இந்த முகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லம்மா."

போனை வைத்தேன். சந்திரா அங்கேயே நின்று பவுனுவின் கழுத்தில் நெற்றியை வைத்து அழுதாள், சத்தமாகவே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பால்பாண்டியை மறந்துவிட்டேன். திரும்பினால், அவர் காலையில் அறுத்துவந்த புல்கட்டின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கட்டை அவிழ்க்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ஒரு மணி, ஒன்றரை மணி ஆயிற்று. உள்ளே எங்கள் இலையில் மீன்குழம்பு ஆறியது.

சந்திரா எழுந்து போனாள். நானும் கதவு வரை போனேன். அவர் பக்கத்தில் அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. ஆறு மாசமா எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அது எம்புட்டு வலிக்கும்னு எனக்குத் தெரியும். அதனால நான் ஒங்களுக்கு இன்னிக்கே சொல்லிருதேன். ஒங்க மேல தப்பு இல்ல."

அவர் தலை நிமிரவில்லை. "நான் சொல்லிருக்கணும்ல ஒனக்கு" என்றார்.

"ஆமா, சொல்லிருக்கணும்" என்றாள் அவள். "இப்ப வந்து சாப்பிடுங்க."

3.40க்கு ஷேர் ஆட்டோ, 4.15க்கு சிவகாசியில் மதுரை பஸ், 72 ரூபாய். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது 6.20.

போக நினைப்பவர்களுக்கு: தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் போகாதீர்கள். ஆட்டோவும் கிடைக்காது, பேச ஆளும் கிடைக்காது. கம்பெனி ஷெட் பக்கம் வேடிக்கை பார்க்கப் போவதும், போனை நீட்டுவதும் வேண்டாம். ஆனைக்குட்டம் அணை சிவகாசியிலிருந்து சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மழைக்குப் பின் அழகாக இருக்கும், பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். பொரித்த பரோட்டாவுக்கு விருதுநகரில் சாயங்காலம் இறங்க வேண்டும். நான் இறங்கவில்லை, அதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன்.

குதிரை வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: ஒரே புல்லை மாதக்கணக்கில் போடாதீர்கள். முகம் புடைத்தால், காரணமில்லாமல் நொண்டினால் கால்நடை மருத்துவரிடம் தீவனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கால்சியம் என்றதும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். பவுனுவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது தீவனத்தில் கலக்கும் சுண்ணாம்புக்கல் தூள், கூடவே குதிரைமசால் என்ற பசுந்தீவனம். தவிடு நிறுத்தியாயிற்று. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே காட்டியது.

போன வாரம் சந்திரா போன் செய்தாள். கம்பெனி திறந்துவிட்டது, அவளும் போகிறாள். வந்ததும் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் கொட்டகைக்குப் போகிறாள், ஆனால் தோல் உரியத் தேய்ப்பதில்லை. பவுனு இப்போது நொண்டாமல் நடக்கிறதாம். முகம் மட்டும் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர்வலத்துக்குப் போனால் ஆளாளுக்குக் கேட்பார்களே, என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்க. 'நான் போட்ட புல்லு'ன்னு அவுகளே சொல்லிருதாக" என்றாள். "கேக்காதவுககிட்டயும் போயிச் சொல்லுதாக எஸ்தரு."