பனியைப் பற்றிப் பேசிய நாற்பது நிமிடம்

2007 நவம்பர், கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். அறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதை அணிந்து, தலையைப் படிய வாரி, என் வீட்டுத் தோழர் தொலைபேசி முன் நின்றிருந்தார். வெளியே இன்னும் இருட்டு. அவர் எங்கும் புறப்படவில்லை. மனைவியோடு பேசுவதற்காகத்தான் அந்தச் சட்டை.

நான் திருச்சியிலிருந்து கனடாவின் மொன்றியலுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சென்ட் லோரன்ட் பகுதியில் இரண்டு அறை வீடு. ஒன்றில் நான், மற்றதில் அவர். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த வன்னிப் பகுதிக்காரர். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை. ஊரில் இருந்த மனைவியை இங்கே அழைக்க நான்கு வருடத்துக்கு முன் போட்ட விண்ணப்பத்துக்கு அந்த வாரம்தான் பதில் வந்திருந்தது: டிசம்பர் 18, கொழும்பில் நேர்காணல். வன்னியை விட்டு வெளியே வர அனுமதி வாங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் கடிதம் போய்ச் சேராது. மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை, அவர் மனைவி சைக்கிளில் வந்து ஒரு தொலைபேசிக் கடையில் காத்திருப்பார். அன்று அவரிடம் தேதியைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்பீக்கரைப் போட்டு எண்களை அழுத்தினார். பதிவுக் குரல் தொலைபேசி அட்டையின் மீதியைப் பிரெஞ்சில் சொன்னது: ஒன்பது நிமிடம். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

முந்தைய நாள் காலை, அவர் வேலைக்குப் போன பிறகு அதை எடுத்தது நான். குடிவந்த அன்று, "இந்த வீட்டில இருக்கிறதெல்லாம் உமக்கும்தான்" என்று சொல்லியிருந்தார். விடுதியில் இருந்து பழகிய நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சோப்பு, எண்ணெய், அட்டை. திருச்சியிலிருந்த அக்காவை அழைத்து இந்த ஊரை விவரித்தேன். நாலரைக்கே இருட்டிவிடுவது, பூட்ஸை வாசலில் ஒரு தட்டில் கழற்றி வைப்பது, பேருந்து ஓட்டுநர் 'போன்ஜூர்' சொல்வது. மீதி எல்லாம் பனி. நாற்பது நிமிடம்.

கடைக்காரர் எடுத்தார். "நில்லுங்கோ, இவ்வளவு நேரமும் இஞ்சதான் நிண்டவ. பாத்துக் கூப்பிடுறன்."

சைக்கிள் மணி கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் போயிற்று.

"ஹலோ, நான்தான். சாப்பிட்டியளோ?"

"ஓம், ஓம். இஞ்ச கேளும், திகதி வந்திட்டுது."

 அந்தப் பக்கம் அழுகை.

"அழாதேயும். விண்ணப்ப நம்பரும் எழுத வேணும். பேனை இருக்கோ?"

"நில்லுங்கோ, கடையில கேக்கிறன்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். மனைவி தூரத்தில் பேனா கேட்பது காதில் விழுந்தது. உடனே பதிவுக் குரல் குறுக்கே வந்து, அட்டை முடிந்ததென்று சொல்லி, 'மெர்சி', நன்றி என்றது.

எங்கள் தொலைபேசியிலிருந்து அட்டை இல்லாமல் வெளிநாட்டுக்கு அழைக்க முடியாது. பெட்ரோல் நிலையத்துக்கு ஓடினோம். அங்கே அட்டை இல்லை. தெருமுனைக் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும். அப்போது வன்னியில் மாலை ஆறரை. அந்தத் தொலைபேசிக் கடை ஆறுக்கே பூட்டிவிடும். தெரிந்தும் தெருமுனைக் கடை வாசலில், பனியில் போய் நின்றோம்.

"நான்தான் அண்ணா எடுத்தேன்."

"வேற ஆர்? அந்த வீட்டில பேயோ இருக்கு?"

பிறகு, "வீட்டில என்ன கதைச்சனீர்?" என்று கேட்டார்.

"பனியைப் பத்தி. நாப்பது நிமிஷம் பேசிட்டேன்."

"நாப்பது நிமிசமும் பனியோ?" அவர் தெருவைப் பார்த்தார். "அப்பிடி என்ன இருக்கு அதில?"

எட்டு மணிக்கு அட்டை வாங்கி அழைத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த எண்ணுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. தினமும் முயன்றார். டிசம்பர் 18 வந்தது. அன்றும் காலை ஐந்தே முக்கால் பேருந்தில் வேலைக்குப் போனார்.

இன்றும் நான் யார் வீட்டிலும் எதையும் கேட்காமல் தொடுவதில்லை. தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

ஜனவரியில் ஒருநாள் இணைப்பு கிடைத்தது. கடைக்காரர்தான் பேசினார். அந்த ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டும்வரை, என் வீட்டுத் தோழரின் மனைவி கையில் பேனாவோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.