இரண்டு காத்திருப்பு அறைகள்

குவாபரா ஷோஜி ஜப்பானில் தொயாமா நகரப் பேருந்து ஓட்டுநர். கொட்டும் பனியிலும் நேரம் தவறாதவர் என்று முப்பத்தோரு வருஷமாகப் பேர் வாங்கியவர். வீட்டில்தான் வாயைத் திறக்கமாட்டார். மனைவி இக்குயோ பொறுத்துப் பார்த்தாள். மார்ச் மாதம் தங்கை வீட்டுக்குப் போனவள், அங்கிருந்தே விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டாள்.

இந்த நாட்டுச் சட்டம் தம்பதிகளை எடுத்த எடுப்பில் வழக்காட விடாது. முதலில் குடும்ப நீதிமன்றத்தில் சமரசம் பேசியாக வேண்டும். பேசி வைக்கிறவர்களும் நம்மைப் போல் சாதாரண ஜனங்கள்தான். ஆனால் பேசவேண்டிய இருவரும் முகம் பார்க்கக்கூடாதாம். ஆளுக்கொரு காத்திருப்பு அறை. அவள் உள்ளே போய் அரைமணி பேசிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிய பிறகுதான் இவரைக் கூப்பிடுவார்கள். நல்ல சமரசம்தான் போங்கள்.

ஷோஜிக்கு அதுவும் வேண்டியிருந்தது. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வழவழவென்று சவரம் செய்து, டை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிடுவார். அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் லேசாகச் சூடு மிச்சமிருக்கும். அதில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் யோசிக்கவேண்டும் என்பார். இன்னொரு செவ்வாய்க்கிழமை கிடைக்கும். வீம்பு பிடித்த மனுஷன் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பாவம், அவள் நினைப்பிலேயே உருகிக்கொண்டிருந்தார்.

ஆறாவது தடவை, சமரசம் பேசும் ஹொஞ்சோ அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர், கறாரான பெண்மணி.

"குவாபரா சார், உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அவளை ஒரு தடவை பார்க்கணும்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"விவாகரத்துக்கு நீங்க சம்மதிச்சாதான் அது நடக்கும். அப்பதான் நீதிபதி ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒப்பந்தத்தை வாசிப்பாரு. இல்லேன்னா இன்னையோட பேச்சு முறிஞ்சதுன்னு எழுதிருவோம். அப்புறம் கோர்ட்டுக்கு அவங்க வக்கீல்தான் வருவாரு."

ஷோஜி டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு சம்மதம் என்றார்.

நீதிபதி வந்தார். இக்குயோ வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நரைக்குச் சாயம் பூசுவதையும் விட்டிருந்தாள். அழகாக இருந்தாள். அதைச் சொல்லிவிட அவருக்குத் தொண்டைவரை வந்தது. அதற்குள் நீதிபதி வாசித்து முடித்துவிட்டார்.

"இதுல மறுப்பு ஏதும் உண்டா?" என்று நீதிபதி முதலில் அவளைக் கேட்டார்.

"இல்லைங்க."

ஏழு மாதம் கழித்து அவள் குரல். இன்னும் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று ஷோஜி காத்திருந்தார். நீதிபதி இவர் பக்கம் திரும்பி, அதே கேள்வியை இரண்டு முறை கேட்கவேண்டியிருந்தது.

"இல்லைங்க" என்றார் ஷோஜி.