கடல்கன்னியின் வால்

சனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததைத் தாங்க முடியாமல் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன். அப்போது எனக்கு எழுபத்து நான்கு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன்.

போன மாசியில் பருத்தித்துறைக்குப் போகும் வழியில், அறுவடை முடிந்த வயலொன்றில் சர்க்கஸ் கூடாரம் அடித்தார்கள். யானை செத்து ஆறு வருடமாகியும் அங்குசத்தைக் கீழே வைக்காத பாகன் ஒருவர் வாசலில் ரிக்கெற் கிழித்தார். வாள் விழுங்குகிறவர் வயிற்றெரிவென்று பக்கத்து வீடுகளில் உறைப்பில்லாத கறி கேட்டு வாங்கினார். எந்த வித்தையும் தெரியாத ஒருவரும் அவர்களோடு திரிந்தார். எப்போதோ ஓர் ஊரில் கூடாரத்துக்குக் கட்டை அடிக்க வந்தவராம், வீடு திரும்பவேயில்லை.

கடல்கன்னிக்குத் தனிக் கூடாரம். மனைவியின் தம்பியோடு உள்ளே போனேன். நான்கு கால் மேசை. அதன்மேல் இடுப்புவரை ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்புக்குக் கீழே ஒரு முழ நீளத்தில் வெள்ளி நிற மீன்வால். வளர்ந்த ஒருத்தியின் கால்கள் அதற்குள் அடங்கவே முடியாது. மேசைக்குக் கீழேயோ வெறும் நிலம் தெரிந்தது.

அவளுடைய வாய்தான் சனத்தை இழுத்தது. கூட்டத்திலிருந்து ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள்.

“எந்தக் கடல் பிள்ளை?”

“மயிலிட்டிக் கடல். வலையிலை அகப்பட்டனான்.”

“என்ன சாப்பிடுறனீ?”

“சூடை மீன். உங்களை மாதிரிக் கொழுத்தது எண்டால் ஒண்டே காணும்.”

“கலியாணம் கட்டேல்லையோ?”

“கேட்டு வந்த ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாதாம்.”

கூடாரம் குலுங்கியது. என் மைத்துனன் என்னை இடித்தான். “அத்தான், கால் ரண்டும் எங்கை போட்டுது? நீங்கள் படிச்ச ஆள், சொல்லுங்கோவன் பாப்பம்.”

வகுப்பில் பேசும் குரல் தானாக வந்தது. மேசையின் கீழே இரண்டு கண்ணாடிகளைக் கோணமாக நிறுத்தியிருக்கிறார்கள், பக்கத்துத் திரைதான் அதில் தெரிகிறது, கால்கள் கண்ணாடிக்குப் பின்னால் மடங்கியிருக்கின்றன என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். அவள் சிரித்துக்கொண்டே, “சேர், மீனை விளங்கப்படுத்தக் கூடாது, ரசிக்கோணும்” என்றாள். மறுபடி சிரிப்பு. சனத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், கண்ணாடியைத் தட்டிக் காட்டுவதற்காகக் கையிலிருந்த குடையை மேசைக்குக் கீழே நீட்டினேன். குடை எதிலும் முட்டாமல் மறுபக்கம் போய்த் திரையில் குத்தியது. கண்ணாடியே இல்லை.

“மாஸ்ரர் பெயில்!” என்று ஒருவன் கத்தினான். அவன் என்னிடம் படித்தவனாகவும் இருக்கலாம். எனக்குக் காது சுட்டது. அந்த ஒரு கணத்தில் வாலைப் பிடித்து இழுத்தேன்.

அது கழன்று என் கையோடு வந்தது. முழங்காலுக்கு மேலேயே முடிந்துபோன இரண்டு தொடைகள், துணி சுற்றியபடி, மேசைமேல் இருந்தன.

பின்னாலிருந்து ஒரு பெண், “ஐயோ, என்ரை பிள்ளை, ஷெல் விழுந்ததோ?” என்று அழத் தொடங்கினாள். அதைக் கேட்டு மற்றவர்களும். ஒருத்தி தன் சால்வையைக் கொண்டுபோய் அவள் மடியில் போர்த்தினாள். கடல்கன்னி அந்தச் சால்வையைத் தள்ளிவிட்டு என்னிடம் கை நீட்டினாள்.

“சேர், அதைத் தாங்கோ. அடுத்த ஆட்டத்துக்கு வேணும். இதுக்கை இருக்கேக்கை ஒருத்தரும் என்னைப் பாவம் எண்டு சொல்லேல்லை, தாங்கோ.”

கொடுத்தேன்.

மறுநாள் காலை, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ எங்கள் வீட்டு முன் ஒழுங்கையால் போனது. கடல்கன்னி என்ற சொல்லே அறிவிப்பில் இல்லை. போரில் இரு கால்களையும் இழந்த பெண்ணை நேரில் காண வாருங்கள் என்றார்கள். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

சர்க்கஸ் முதலாளி மலைநாட்டுக்காரர். பிழை என்னுடையது, அவளுக்கு வாலைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், மூணு வருஷமா அந்த மீனுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே இல்ல. நீங்கதான் வழி காட்டுனீங்க.”

உள்ளே அதே மேசை. அவளுக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். வால் இல்லை. சனம் குழந்தைகளைத் தூக்கிக் காட்டியது, சிலர் கும்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்கக் கயிற்றருகே போய் அவளை மெதுவாகக் கூப்பிட்டேன். அவள் உதடு அசையாமல் சொன்னாள்:

“போங்கோ சேர். என்னைக் கதைக்க வேண்டாமாம். நான் கதைச்சால் சனம் அழாதாம்.”

எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் என் தோளைத் தொட்டாள்.

“ஐயா, கொஞ்சம் விலகுங்கோ. மறைக்குது.”

விலகினேன்.