குப்புறப் படுத்து எடுத்த படம்

குப்புறப் படுத்துப் படம் எடுக்கத் தெரிந்தவனுக்கு எந்த அசிங்கத்தையும் மறைக்கத் தெரியும். பறவைகளைப் படம் பிடிக்கக் கிளம்புகிறவன் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். நின்றுகொண்டு எடுத்தால் கொக்குக்குப் பின்னால் புகைபோக்கி வரும், தகரக் கொட்டகை வரும், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வரும். தரையோடு தரையாகப் படுத்து லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால் பின்னால் இருப்பதெல்லாம் மங்கலான பச்சையாகிவிடும். பார்க்கிறவர்கள் ஏதோ காட்டுக்கு நடுவே எடுத்தது என்று நினைப்பார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஏரி என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். இந்த வித்தையில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வாய் கசக்கிறது.

அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை எனக்கு. மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். பதினோரு வருடம் கான்ட்ராக்ட்டிலேயே இழுத்தடித்துவிட்டு அப்போதுதான் நிரந்தரமாக்கியிருந்தார்கள். ஏரியின் வடகரையை எங்கள் கம்பெனி எடுத்து ஈரநிலப் பூங்கா ஆக்கியது. கல் பதித்த நடைபாதை, ஃபைபரில் ஒரு கூழைக்கடா, அதன் வாய்க்குள் தலையை விட்டு செல்ஃபி எடுத்துக்கொள்ள ஒரு மேடை. நின்ற மரங்களை வெட்டிவிட்டு, மரங்களை நேசிப்போம் என்று பலகையும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இயற்கை நடை. ஊழியர்களின் குடும்பங்கள் வரும். திருநின்றவூர், வேப்பம்பட்டு பக்கமிருந்துகூட காரில் வருவார்கள். பறவைகளின் பெயரைச் சொல்ல ஆள் வேண்டுமே, கேமரா வைத்திருந்த நான் அகப்பட்டேன். அகப்பட்டேன் என்பது பொய். நானாகப் போய்க் கேட்டு வாங்கிய வேலை அது. ஹெச்.ஆர். மேனேஜர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

ஏரியின் தென்பக்கம், மதகை ஒட்டி, ஒரு அக்காவுக்கு இரண்டு ஏக்கர் நிலம். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்கா. புருஷன் போன பிறகு தனியாளாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வரப்பில்தான் நான் படுத்துக் கிடப்பேன். முதல் நாள் குடிகாரன் எவனோ விழுந்து கிடக்கிறான் என்று மண்வெட்டியோடு வந்தார். பழகிய பிறகு, என் தலை தெரிந்தாலே மாட்டை வேறு பக்கம் ஓட்டிப்போய்க் கட்டுவார், பறவை கலையக் கூடாதென்று. என் சட்டையில் அப்பியிருக்கும் சேற்றைப் பார்த்து, எருமையே உன்னைவிடச் சுத்தம் சார் என்று சிரிப்பார். என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். ஏரியில் புதிதாக எது இறங்கினாலும் எனக்கு போன் வந்துவிடும்.

மார்கழி கடைசியில் ஒரு ஞாயிறு, பொழுது விடியும் நேரத்தில் அப்படித்தான் போன் வந்தது. ஆனால் பறவைக்காக இல்லை.

"சார், மீனெல்லாம் வாயத் தொறந்துகினு மேல வந்து சாவுது. தண்ணி நொர நொரயா கீது. நாத்தங்கால்ல பாஞ்சா எல்லாம் கருகிப்பூடும். அந்தப் பெரிய கேமராவ எட்த்துகினு வா. படம் இருந்தாதான் மனுவ வாங்குவாங்களாம்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார். நவரைப் பட்டத்து நெல்லுக்கு அப்போதுதான் நாற்று விட்டிருந்தார். ஏரித் தண்ணீரை விட்டால் அந்த நிலத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது. நான் பைக்கில் பறந்தேன்.

போய்ப் பார்த்தால், என் ஆயுசில் பார்க்காத கூட்டம். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கணக்கே இல்லாமல் கொக்கு. மூச்சுக்குத் தவித்து மீன் மேலே வந்தால் பறவைக்குக் கல்யாணச் சாப்பாடு. தேட வேண்டாம், துரத்த வேண்டாம், அள்ளிக்கொண்டே போகலாம். நாற்றம் தாங்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு படுத்தேன். முதலில் மீனைத்தான் எடுத்தேன், பத்துப் பன்னிரண்டு படம் இருக்கும். அப்புறம் வெயில் ஏறி, நாரைகளின் வால்பக்கத்து ரோஜா நிறம் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான், மற்றதெல்லாம் மறந்துபோனது. குழாயை எடு சார், நுரையை எடு சார் என்று அக்கா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் போடாதீர்கள் என்று நான் அவருக்குக் கையைக் காட்டினேன். அவர் நிலத்தில் படுத்துக்கொண்டு, அவரையே வாயை மூடச் சொன்னேன்.

மறுநாள் பிரின்ட் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு, வடகரைக்குப் போய் இயற்கை நடையையும் முடித்துவிட்டு வந்தேன். வாடைக்காற்று நாற்றத்தைத் தெற்கே தள்ளிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு ஏக சந்தோஷம்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, நேற்று என்ன படமெல்லாம் எடுத்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பறவைப் படங்களை மட்டும் அனுப்பினேன். அருமை, காலண்டரில் போடலாம் என்றார். மீனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மிரட்டவும் இல்லை. நானாகவே பயந்துகொண்டேன். அது எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவே கூடாது என்று ஒதுங்கிப்போனவன் நான். சாயங்காலம் அக்கா போன் செய்தபோது, மெமரி கார்டு கெட்டுப்போய் எல்லாப் படமும் அழிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் அப்படியே நம்பினார். அதோடு விடவில்லை. அவ்வளவு பெரிய கேமராவாச்சே, அதுக்கு ஒண்ணும் ஆகலியே சார் என்று எனக்காக வருத்தப்பட்டார்.

ஊர்க்காரர்கள் செல்போனில் எடுத்த கலங்கலான படங்களை வைத்து எப்படியோ மனு கொடுத்துவிட்டார்கள். விசாரிக்க அதிகாரிகள் வந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. நுரையும் இல்லை, மீனும் இல்லை. பூங்கா மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஒரு பெரிய பிரின்ட்டை எடுத்து அதிகாரி கையில் கொடுத்தார். அதே ஞாயிற்றுக்கிழமை எடுத்தது, இத்தனை பறவை வருகிற ஏரி கெட்டுப்போன ஏரியா என்று கேட்டார். மீன் செத்ததால்தான் பறவை வந்தது என்று அக்கா கூட்டத்திலிருந்து கத்திச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓரமாக நின்றிருந்த என்னை அப்போதுதான் அவர் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது அவருக்கு.

"தோ, இந்த சாரு அன்னிக்கு என் வரப்புலதான் கெடந்தாரு. மீன கண்ணால பாத்தவரு. அவுர கேளுங்க."

அதிகாரி பிரின்ட்டை என் பக்கம் திருப்பினார். நீங்கள் எடுத்ததுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு இத்தனை பறவை வந்தது உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை, கேட்காததை நான் சொல்லவும் இல்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவருடைய கழுத்தை அறுக்க முடியும் என்பதை அன்றைக்குச் செய்து காட்டினேன்.

அக்கா கிட்டே வந்து படத்தைப் பார்த்தார். அழிந்துபோனதாக நான் சொன்ன படம். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வயல் பக்கம் நடந்தார்.

நாற்றங்கால் கருகிப்போனது. அந்தப் போகம் அவர் நடவே இல்லை, அடுத்த போகமும் நிலம் தரிசாகக் கிடந்தது. மனு தள்ளுபடியானதும், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தருகிறோம் என்று கம்பெனி கருணை காட்டியது. பூங்கா துப்புரவுக்கு நான்கு பெண்களை எடுத்தார்கள். பச்சைப் புடவை, தோளில் கம்பெனி பெயர் போட்ட பட்டை. அதில் அக்காவும் ஒருவர்.

மீன் சாவது நிற்கவில்லை. முன்புபோல ஒரேயடியாக இல்லாமல் அவ்வப்போது கொஞ்சம் கரை ஒதுங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நடை தொடங்குவதற்குள் அதை வாரி, கோணியில் கட்டி, வருகிறவர்கள் கண்ணில் படாமல் அப்புறப்படுத்துவது அவர்கள் வேலை.

அவர் சேர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிறு. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு நான் நடைபாதையில் திரும்பினேன். எதிரே அக்கா, கையில் நீளக் காம்பு வைத்த வாரியோடு. காலடியில் ஈரக் கோணி. தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். குரலில் கோபமே இல்லை, வேலை முடிந்ததைச் சொல்லும் குரல்.

"எல்லாத்தையும் வாரிட்டேன் சார். இப்ப நீ போட்டோ எடு."

பின்னால் வந்த ஒரு அம்மாள், தண்ணீரில் நிற்கிறதே அது என்ன பறவை என்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.